இடிபாடு அகற்றலும் வாழ்வு மீட்பும்: ஆழிப்பேரலைக்குப் பிந்தைய மாமல்லபுரக் கடற்கரையை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

பேரிடருக்குப் பின் ஓர் ஊரில் எஞ்சும் இடிபாட்டை அகற்றுவது துப்புரவுப் பணியாகவே பெரிதும் கருதப்படுகிறது. எது கழிவு, எது உடைமை, எது சான்று, எது ஊரின் எல்லை என்னும் வினாக்களுக்கு அப்பணியின்போதே விடை தரப்பட்டுவிடுகிறது; அவ்விடையைத் தருவோர் பெரும்பாலும் அவ்வூரார் அல்லர். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் கோவளம் முதல் கல்பாக்கம் வரையிலான கடற்கரை எதிர்கொண்ட சிக்கல்களைக் காட்டுத்தீக்குப் பிந்தைய சாம்பல் அகற்றும் நடைமுறையோடு ஒப்பிட்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஆழிப்பேரலை, இடிபாடு, மாமல்லபுரம், மீனவர் குப்பம், கடற்கரை ஒழுங்காற்று மண்டலம், சாளுவன்குப்பம், அடும்பு.

முன்னுரை

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. இந்திய நேரப்படி காலை ஆறரை மணியளவில் சுமத்திராவின் மேற்குக் கரைக்கு அப்பால் கடலடியில் பெருநிலநடுக்கம் ஏற்பட்டது. இரண்டரை மணி நேரத்திற்குள் அதன் அலை தமிழகக் கரையை அடைந்தது. தமிழகத்தில் ஏறத்தாழ எட்டாயிரம் பேர் இறந்தனர். அவர்களுள் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் நாகப்பட்டின மாவட்டத்தினர். இந்த எண்ணிக்கையின் பெருமையால், ஆழிப்பேரலை பற்றிய தமிழ் ஆய்வுகள் நாகையையே மையமாகக் கொண்டன. அன்று காஞ்சிபுர மாவட்டத்தில் இருந்ததும், 2019 நவம்பர் 29 முதல் செங்கல்பட்டு மாவட்டத்தில் அடங்குவதுமான வடபகுதிக் கரை போதிய கவனம் பெறவில்லை. இங்கு உயிரிழப்பு ஒப்பீட்டளவில் குறைவு. எனினும் சில கிலோமீட்டர் இடைவெளிக்குள் மீனவர் குப்பங்கள், உலக மரபுச் சின்னம், அணுமின் நிலையம், அதன் பணியாளர் நகரியம், கிழக்குக் கடற்கரைச் சாலையோர விடுதிகள் ஆகிய அனைத்தும் அடுத்தடுத்து அமைந்த கரை இது. ஒரே அலை இவ்வைந்தையும் தொட்டது. ஆனால் ஒவ்வொன்றும் எஞ்சிய சிதைவை அகற்றிய முறை வேறு, மீண்ட வேகமும் வேறு.

கல்பாக்கத்தில் கடல்நீர் ஏற்றுநிலையத்துள் வெள்ளம் புகுந்ததால் இயங்கிக்கொண்டிருந்த அணு உலை நிறுத்தப்பட்டது. ஒரு வாரத்திற்குள் அது மீண்டும் இயக்கத்திற்கு வந்தது. நகரியத்தில் உயிர்கள் பறிபோயின, வீடுகள் சிதைந்தன. எனினும் அங்கு நிறுவனம் இருந்தது, பதிவேடு இருந்தது, எந்த வீட்டில் யார் குடியிருந்தார் என்பதற்கு ஒதுக்கீட்டு ஆணை இருந்தது. அதே கரையின் குப்பங்களில் இவற்றுள் பல இல்லை. இவ்வேறுபாடே இக்கட்டுரையின் தொடக்கப்புள்ளி.

இடிபாடு என்னும் சொல்

பேரிடர் பற்றிய அரசு ஆவணங்களில் இடிபாடு, சிதைவு, கழிவு, குப்பை ஆகிய நான்கு சொற்களும் ஒன்றன் இடத்தில் மற்றொன்றாக வழங்குகின்றன. தமிழில் இவை ஒருபொருட் சொற்கள் அல்ல. இடிபாடு என்பது கட்டப்பட்ட ஒன்று இருந்தது என்பதைத் தன்னுள் கொண்ட சொல். சிதைவு என்பது முழுமையை நினைவூட்டுவது. கழிவும் குப்பையும் அவ்வாறல்ல; அவை உடைமையாளரால் கைவிடப்பட்டவை. ஒருவர் கைவிடாத பொருளைக் குப்பை என்று பிறர் அழைக்கும்போது அவருடைய உரிமை ஒன்று சொல்லளவிலேயே நீங்கிவிடுகிறது.

மீனவர் குப்பத்தின் சிதைவை எண்ணிப் பார்த்தால் இது தெளிவாகும். கரையில் குவிந்து கிடந்தது என்ன? கட்டு அறுந்த கட்டுமரங்களின் தனித்தனி மரங்கள்; ஒன்றோடொன்று சிக்கிய வலைகள்; மணல் புகுந்த வெளிப்பொருத்து இயந்திரங்கள்; கீற்றும் பனங்கழியும்; பாத்திரங்கள். கட்டுமரம் இயல்பிலேயே பிரித்துக் கட்டப்படும் கலம். நாளும் கரையேறியபின் மரங்களைப் பிரித்து உலர வைப்பது அதன் பயன்பாட்டு முறை. ஆகவே பிரிந்து கிடக்கும் கட்டுமரம் உடைந்த கட்டுமரம் ஆகாது. இதை அறியாத பொக்லைன் ஓட்டுநருக்கு அது வெறும் மரக்கட்டை. சிக்கிய வலையும் அவ்வாறே. அதைப் பிரித்தெடுப்பதற்குப் பல நாள் உழைப்பு வேண்டும், ஆனால் அந்த உழைப்புக்குப்பின் அதில் ஒரு பகுதியேனும் கடலுக்குப் போகும்.

தீயின் எச்சமும் நீரின் எச்சமும்

காட்டுத்தீக்குப் பிந்தைய துப்புரவு அண்மை ஆண்டுகளில் தனியொரு துறையாகவே வளர்ந்துள்ளது. 2023 ஆகஸ்ட் 8 அன்று ஹவாய்த் தீவுகளின் லஹைனா நகரம் எரிந்தபோது ஏறத்தாழ 2,200 கட்டடங்கள் அழிந்தன. நூறு பேரளவில் இறந்தனர். அங்குத் துப்புரவு இரு கட்டங்களாக நடந்தது. முதலில் எரிவாயு உருளைகள், மின்கலங்கள், பூச்சிக்கொல்லிகள் போன்ற இடர்தரும் பொருள்கள் மட்டும் பொறுக்கி எடுக்கப்பட்டன. சாம்பல் காற்றில் பறந்து கடலுக்குள் செல்லாதிருக்க அதன்மீது பிணைப்புக் கரைசல் தெளிக்கப்பட்டது. அதன்பிறகே கட்டட இடிபாடு அகற்றப்பட்டது. ஒவ்வொரு மனையிலும் நுழைய உரிமையாளரின் எழுத்துவழி ஒப்புதல் பெறப்பட்டது. தொன்மையான குடியிருப்பு நிலம் என்பதால் மரபறிந்த கண்காணிப்பாளர்களும் பணியிடங்களில் உடனிருந்தனர்.

தீ பொருள்களை ஒன்றாக்கிவிடுகிறது. கல்நார்க் கூரையும் வண்ணப்பூச்சின் ஈயமும் மின்கம்பியின் உலோகமும் ஒரே சாம்பலாகின்றன. எனவே அச்சாம்பல் முழுவதையும் நஞ்சாகக் கருதி, மேல்மண்ணோடு வாரி எடுக்கும் முறை உருவாயிற்று. நீர் அவ்வாறு செய்வதில்லை. அது பொருள்களை இடம் மாற்றுகிறது, கலக்கிறது, உப்பேற்றுகிறது. ஆனால் அவற்றின் உருவைப் பெரிதும் விட்டுவைக்கிறது. தீக்குப்பின் வாரி எடுப்பது பாதுகாப்பு. நீருக்குப்பின் அதே வேகத்தில் வாரி எடுப்பது பல வேளைகளில் இரண்டாவது இழப்பு.

ஆனால் லஹைனாவின் ஒப்புதல் படிவம் குறித்து ஒன்று சொல்ல வேண்டும். ஒப்புதல் கேட்பதற்கு உரிமையாளர் என ஒருவர் ஆவணத்தில் இருக்க வேண்டும். தமிழகக் கடற்கரைக் குப்பங்களின் வீட்டுமனைகள் பலவற்றுக்குத் தனிப் பட்டா இல்லை. அவை நத்தமாகவோ புறம்போக்காகவோ வருவாய்ப் பதிவேட்டில் நிற்கின்றன. வலை உலர்த்தும் மணற்பரப்பு, கலம் நிறுத்தும் இடம், கரைவலை இழுக்கும் வெளி ஆகியவை ஊரின் பொது வழக்குரிமைக்கு உட்பட்டவை. ஊர்ப் பஞ்சாயத்தின் நினைவே அவற்றுக்குப் பதிவேடு. இந்நிலத்தில் யாரிடம் ஒப்புதல் பெறுவது? கேட்கப்படாமை இங்கு எவருடைய தீய எண்ணத்தாலும் நேர்ந்ததன்று. கேட்பதற்கான இடமே நடைமுறையில் இல்லை.

முதல் நாள்கள்

எந்தப் பேரிடரிலும் முதல் சில நாள்களின் இடிபாடு அகற்றல் உயிரையும் உடலையும் தேடுவதிலிருந்து பிரிக்க இயலாதது. 2004இல் இறந்தோரின் உடல்களால் கொள்ளைநோய் பரவும் என்னும் அச்சம் தமிழகக் கரை முழுவதும் நிலவியது. உடல்கள் விரைந்து புதைக்கப்பட்டன. வெளுப்புத்தூள் எங்கும் தூவப்பட்டது. இயற்கைப் பேரிடரில் காயத்தாலும் மூழ்கியும் இறந்தோரின் உடல்கள் பொதுவாகக் கொள்ளைநோய்க்குக் காரணமாவதில்லை என்பதை உலக நலவாழ்வு அமைப்பும் அதன் அமெரிக்கப் பிரிவும் செஞ்சிலுவைப் பன்னாட்டுக் குழுவும் இணைந்து 2006இல் வெளியிட்ட களக் கையேடு வலியுறுத்தியது. அடையாளம் காணாமல் புதைப்பதன் விளைவு துயரத்தோடு முடிவதில்லை. இறந்தவர் குடும்பத்துக்கு நடுவண் அரசும் மாநில அரசும் தலா 1 இலட்சம் ரூபாய் அறிவித்திருந்தன. உடல் காணப்படாத குடும்பம் அத்தொகைக்கு நீண்ட சான்றுவழிச் செல்ல நேர்ந்தது.

இப்பணியைச் செய்தோர் யார் என்பதும் கேட்கப்பட வேண்டும். தமிழகத்தின் பல நகராட்சிகளிலிருந்து துப்புரவுப் பணியாளர்கள், சிறப்பாக நாகைப் பகுதிக்கு, அழைத்துச் செல்லப்பட்டனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சமூகத்தினர். கையுறையும் காலணியும் முகமூடியும் போதாமல் அவர்கள் பணிபுரிந்ததை அக்காலச் செய்திகளும் மனித உரிமை அறிக்கைகளும் பதிவுசெய்துள்ளன. மீட்புப் பணியின் வரலாறு எழுதப்படும்போது படைவீரரும் தன்னார்வலரும் இடம்பெறுகின்றனர். சம்பளப் பட்டியலில் மட்டும் இடம்பெற்ற இவர்களைப் பற்றித் தமிழில் விரிவான தனி ஆய்வு எழுதப்படுவது நலம்.

சான்றாகும் சிதைவு

நிவாரணம் என்பது இழப்பைக் கணக்கிட்டுத் தருவது. கணக்கிடுவதற்கு இழந்த பொருளின் எச்சம் வேண்டும். பதிவு பெற்ற விசைப்படகுக்கு எண் உண்டு, உரிமம் உண்டு, சில வேளை காப்பீடும் உண்டு. கட்டுமரத்துக்கும் வலைக்கும் பெரும்பாலும் இவை இல்லை. கரையில் கிடக்கும் சிதைவே அவற்றுக்குச் சான்று. கணக்கெடுப்பாளர் வருமுன் அச்சிதைவு அகற்றப்பட்டால் கோரிக்கையின் ஆதாரமும் அகன்றுவிடும். ஆகவே ஓர் ஊரார் துப்புரவைத் தடுத்து நிற்பதை அறியாமை என்றோ பிடிவாதம் என்றோ கொள்வது தவறு. அவர்கள் தம் கடைசி ஆவணத்தைக் காத்துக்கொண்டிருக்கலாம்.

சிதைவாகக்கூட எஞ்சாத இழப்புகளும் உண்டு. மாமல்லபுரம், கோவளம் பகுதிகளின் உப்பங்கழிகளில் கைகளால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களுக்குப் படகும் இல்லை, இயந்திரமும் இல்லை. மீன் சுமந்து விற்கும் பெண்களின் முதலீடு ஒரு கூடையும் சிறு கடனும். படகு, வலை, வீடு என்னும் மூன்று பத்திகளைக் கொண்ட இழப்புப் படிவத்தில் இவர்களுடைய இழப்பு எந்தப் பத்தியில் எழுதப்படும்? பழங்குடியினரும் ஒடுக்கப்பட்ட சமூகக் கூலித் தொழிலாளரும் நிவாரணத்தில் பின்தள்ளப்பட்டதாக அந்நாளில் எழுந்த குற்றச்சாட்டுகளுக்கு, நேரடிப் பாகுபாட்டோடு இப்படிவத்தின் அமைப்பும் ஒரு காரணம்.

ஜப்பானில் 2011 மார்ச் 11 ஆழிப்பேரலைக்குப்பின் ஏறத்தாழ 2 கோடி டன் இடிபாட்டை அகற்ற நேர்ந்தது. புகுஷிமா நீங்கலாகப் பிற பகுதிகளில் மூன்றாண்டுகளில் அப்பணி நிறைவுற்றது. அங்கு இடிபாட்டை மரம், கற்காரை, உலோகம் எனத் தரம்பிரித்ததோடு, ஒளிப்படங்கள், நினைவுப் பட்டயங்கள், குடும்ப வழிபாட்டுப் பலகைகள் ஆகியவற்றைத் தனியாக எடுத்து வைக்கும் வழக்கமும் பின்பற்றப்பட்டது. தன்னார்வலர்கள் சேற்றில் கிடந்த ஒளிப்படங்களைக் கழுவி உலர்த்தி உரியவரிடம் சேர்த்தனர். தமிழகக் கரையில் குடும்ப அட்டை, மதிப்பெண் சான்றிதழ், அடகுச் சீட்டு, கூட்டுறவுச் சங்கப் புத்தகம் ஆகியவற்றுக்கு அப்படியொரு மேசை போடப்பட்டிருந்தால், பின்னர் வட்டாட்சியர் அலுவலக வாயிலில் கழிந்த நாள்களுள் பல மிச்சமாகியிருக்கும்.

கிணறும் மண்ணும்

கண்ணுக்குத் தெரியும் இடிபாடு அகன்றபின்னும் உப்பு எஞ்சியது. கரையோர மணற்பகுதியில் நன்னீர், கடல்நீருக்கு மேல் மெல்லிய அடுக்காக மிதக்கிறது. அலைநீர் கிணற்றுக்குள் புகுந்தபோது எழுந்த முதல் எண்ணம், நீரை இறைத்து வெளியேற்றிவிட வேண்டும் என்பது. கிணற்றை ஒருமுறை தூர்வாரித் தூய்மை செய்வது தேவையே. ஆனால் விசையேற்றியால் மீண்டும் மீண்டும் இறைக்கும்போது மேலடுக்கு நன்னீர் தீர்ந்து, அடியிலுள்ள உவர்நீர் மேலெழுகிறது. இலங்கையின் கிழக்குக் கரையில் நடந்த ஆய்வுகள் இதைத் தெளிவாகக் காட்டின. அங்கு அளவுக்கு மீறி இறைத்ததால் மீட்சி தாமதமாயிற்று. பருவமழையே உப்பைக் கழுவிக் கீழிறக்கியது. துப்புரவில் வேகம் எப்போதும் நன்மை தருவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

விளைநிலங்களில் முதல் வேலை மேலே படிந்த கடல் மணலையும் சேற்றையும் வழித்தெடுப்பது. பின்னர் மண்ணின் தன்மைக்கேற்ப ஜிப்சம் இடுதல், மழைநீரைத் தேக்கி வடித்தல், தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதல். இவை காவிரிப்படுகையில் பரவலாகக் கையாளப்பட்டன. மாமல்லபுரக் கரையில் பயிர்நிலம் குறைவாதலால் இச்சிக்கலும் குறைவே.

இருநூறு மீட்டர்

2005 மார்ச் 30 நாளிட்ட வருவாய்த்துறை அரசாணை 172 மீள்குடியேற்றத்தின் அடிப்படை ஆவணம். உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் வீடிழந்தோர், அதற்கு அப்பால் 1.50 இலட்சம் ரூபாய் மதிப்புள்ள புதிய வீட்டை இலவசமாகப் பெறலாம். அவ்வாறு பெறின் பழைய மனையை அரசிடம் ஒப்படைக்க வேண்டும். நகர விரும்பாதோர் தம் செலவில் பழுதுபார்த்துக்கொள்ளலாம்; அரசு உதவி கிடையாது. வடிவத்தில் இது விருப்பத் தேர்வு. வீடும் கலமும் ஒருங்கே இழந்தவருக்கு எந்த அளவு விருப்பமாக இருந்திருக்கும் என்பது வேறு செய்தி.

இங்குதான் இடிபாடு அகற்றலின் முழுப்பொருளும் தெரிகிறது. சுவரின் அடித்தளம் நிற்கும்வரை அங்கொரு வீடு இருந்தது என்பதற்கு நிலமே சாட்சி. அடித்தளம் தோண்டப்பட்டு மணல் சமப்படுத்தப்பட்டபின், அது வெற்றுக் கடற்கரை. கிழக்குக் கடற்கரைச் சாலை மேம்பட்டபின் நிலமதிப்பு உயர்ந்துவிட்ட கோவளம் – மாமல்லபுரம் பகுதியில் வெற்றுக் கடற்கரைக்கு வேறு நாட்டமுடையோரும் உண்டு. மீனவருக்குக் கடலருகே இருப்பது காட்சிக்காக அன்று. நீரின் நிறம், காற்றின் திசை, மீன்கூட்டம் எழும் அடையாளம், நிறுத்திய கலத்தின் பாதுகாப்பு ஆகியவை வீட்டு வாசலிலிருந்தே பார்க்கப்படுபவை.

பின்னர் விதி மாறியது. கடற்கரை ஒழுங்காற்று மண்டலம் குறித்து 2019 ஜனவரி 18 அன்று வெளியான நடுவண் அரசின் அறிவிக்கை, 2011 கணக்கெடுப்பின்படி சதுரக் கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் ஊரகக் கடற்கரையில், கடற்கரை மேலாண்மைத் திட்டம் ஏற்பளிக்கப்பட்டபின், கட்டுமானத் தடைப்பகுதியை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைத்தது. பதினான்கு ஆண்டுகளுக்கு முன் உயிர்ப் பாதுகாப்பின் பெயரால் குடும்பங்கள் கடக்கச் சொல்லப்பட்ட தொலைவு அது. அலையின் இயல்பு இடையில் மாறவில்லை.

மறுபக்கத்தையும் குறிப்பிடுதல் வேண்டும். கீற்றுக் குடிசையிலிருந்து கற்காரை வீட்டுக்கு மாறியவர்களுக்குத் தீயச்சம் குறைந்தது. கோடையில் காற்றோடு வரும் ஒரு பொறி வரிசை வரிசையாகக் குடிசைகளை எரித்த நிகழ்வுகள் தமிழகக் கடற்கரையில் புதியனவல்ல. இடைக்காலத்தில் தார் அட்டைக் கூரையுடைய தற்காலிகக் குடியிருப்புகளின் வெப்பத்தில் மாதக்கணக்கில் வாழ்ந்தவர்கள் நிலையான வீட்டை எவ்வாறு வரவேற்றிருப்பர் என்பதையும் ஆய்வாளர் கணக்கிற்கொள்ள வேண்டும்.

மணல் விலகியபோது

அலை கொண்டுவந்த சிதைவைப் பற்றியே இதுவரை பேசப்பட்டது. அலை விலக்கிய சிதைவு ஒன்றும் உண்டு. மாமல்லபுரத்துக்கு வடக்கே, புலிக்குகைக்கு அருகில், சாளுவன்குப்பத்தில் மணல் அரிக்கப்பட்டபோது பாறையில் கல்வெட்டு எழுத்துகள் வெளிப்பட்டன. அவை முருகன் கோயில் ஒன்றைக் குறிப்பிட்டதால், இந்தியத் தொல்லியல் துறை சத்தியமூர்த்தி தலைமையில் 2005இல் அங்கு அகழாய்வு மேற்கொண்டது. வடக்கு நோக்கிய செங்கற்கோயிலின் அடித்தளமும், அதன்மேல் பல்லவர்காலக் கற்பணியும், கல்லால் ஆன வேலும் வெளிவந்தன. செங்கற்பகுதியைச் சங்க காலத்தது என அகழ்ந்தோர் கருதினர். இக்காலக்கணிப்பு மேலும் ஆராய்வதற்குரியது. ஆனால் கட்டட அடுக்குகள் காட்டும் செய்தியில் ஐயமில்லை. இடிந்த ஒன்றின்மேல் மற்றொன்று எழுப்பப்பட்டது. சிப்பிகள் கலந்த கடற்படிவுகளைக் கொண்டு முற்காலத்திலும் இக்கரையைப் பேரலைகள் தாக்கியிருக்கலாம் என்னும் கருத்து முன்வைக்கப்பட்டது.

சாளுவன்குப்பத்தில் பழைய செங்கல் வாரி எறியப்படவில்லை. அது மணலால் மூடப்பட்டு, புதிய கட்டடத்துக்கு அடியில் நின்றது. அதனாலேயே இன்று அதைப் பற்றி ஒரு சொல்லேனும் எழுத முடிகிறது. புகார் நகரைக் கடல் கொண்டதை மணிமேகலை கூறுகிறது. கடல்கோள் பற்றி இறையனார் அகப்பொருள் உரை கூறுகிறது. நிலத்திலிருந்து வரும் சான்றுக்கு, நிலம் முழுவதும் சமப்படுத்தப்படாமல் இருக்க வேண்டும்.

சவுக்கும் அடும்பும்

ஆழிப்பேரலைக்குப்பின் கடலூர்ப் பகுதியில் நடந்த ஓர் ஆய்வு, அலையாத்தி மரங்களும் சவுக்குத் தோப்புகளும் தம் பின்னுள்ள ஊர்களுக்கு ஓரளவு காப்பளித்ததாகக் காட்டியது. அதன் விளைவாகத் தமிழகக் கரை நெடுகிலும் சவுக்கு நடப்பட்டது. வேறு சூழலியலாளர்கள் இதை ஏற்கவில்லை. சவுக்கு அயல் மரம். மணற்குன்றுகளின் இயல்பான அசைவைத் தடுக்கிறது. கடலோரம்வரை நடப்படும்போது பங்குனி ஆமைகள் முட்டையிடும் மணற்பரப்பை ஆக்கிரமிக்கிறது. இவற்றோடு, சவுக்கின் உதிர்ந்த ஊசியிலைச் செத்தை எளிதில் தீப்பற்றக்கூடியது என்பதையும் சேர்க்க வேண்டும்.

2022 டிசம்பர் 9 நள்ளிரவை ஒட்டி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. காற்றின் வேகம் மணிக்கு 65 முதல் 75 கிலோமீட்டர், சூறைக்காற்று 85. மரங்கள் சாய்ந்தன, குப்பங்களில் படகுகள் சேதமுற்றன. இம்முறை கரையில் கிடந்தவற்றுள் கட்டுமரம் மிகக் குறைவு. ஆழிப்பேரலை நிவாரணமே இக்கரையைப் பெரிதும் கண்ணாடி இழைப் படகுகளுக்கு மாற்றியிருந்தது. உடைந்த கண்ணாடி இழையை மரம்போல் பிரித்துக் கட்டவும் முடியாது, அடுப்பெரிக்கவும் கூடாது; எரித்தால் நச்சுப்புகை, விட்டால் நுண்துகள். 2016ஆம் ஆண்டின் கட்டுமான, இடிப்புக் கழிவு விதிகளில் இதற்கு இடமிருக்கவில்லை. சாய்ந்த சவுக்கு வேறு வகை. உடனே வெட்டி அகற்றினால் விறகும் சாரமரமும். கோடைவரை கிடந்தால் குப்பத்தின் அருகிலேயே அடுக்கி வைத்த எரிபொருள்.

நெய்தல் திணையின் கருப்பொருள்களுள் ஒன்றான அடும்பு இன்னும் இக்கரையில், மணல் சமப்படுத்தப்படாத இடங்களில், படர்ந்திருக்கிறது. அதன் கொடி மணலைப் பிணைக்கிறது, குன்றை வளர்க்கிறது, ஆமைக்கு வழிவிடுகிறது. அதற்குப் பின்வரிசையில் தாழையும், அதற்கும் பின் புன்னையும் வளர்வது பழைய அடுக்கு. துப்புரவு இயந்திரத்தின் முன் அலகில் முதலில் வழிக்கப்படுவது அடும்புக் கொடி. ஒப்பந்தப் பட்டியலில் அதற்குத் தனிப் பெயர் தரப்படுவதில்லை. செடிகொடி அகற்றல் என்னும் ஒரே இனத்தில் அது அடங்கிவிடுகிறது.